இடது பக்கம் இரண்டு புள்ளி

அன்று காலை ஒரு புது வண்டிக்கு ரிவர்ஸ் கேமரா மாட்டி முடித்திருந்தேன். ப்ளூடூத் சரியாகச் சேருகிறதா என்று பார்க்க என் போனையே அந்த வண்டியோடு இணைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டிக்குச் சொந்தக்காரர், ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருக்கும் வங்கி அதிகாரி, பக்கத்து சீட்டில் இருந்தார். திரையில் 'எத்திராஜ் அண்ணன்' என்று பெயர் வந்தது. பொத்தானைத் தொட்டு, "சொல்லுண்ணா" என்றேன். வண்டிக் கதவுகளிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அண்ணன் போய்ட்டாருப்பா."

எத்திராஜ் அண்ணன் மனைவி லலிதா அண்ணி. அந்தக் குரல் வலது பக்கக் கதவிலிருந்து கிளம்பி என் காதில் நேராக அறைந்தது. அந்த வண்டிக்கு அண்ணன் இன்னும் சவுண்டு செட்டிங் வைக்கவில்லை. மறுநாள் வந்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். நான் போனைத் துண்டித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வங்கி அதிகாரி என் தோளைத் தொட்டு வருத்தம் சொன்னார். பிறகு, "அப்ப சவுண்டு செட்டிங் இனிமே யாரு பண்ணுவாங்க?" என்று கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கடைக்கு அவர் அதற்காகத்தான் வந்தார்.

எத்திராஜ் அண்ணனை நம் வியாபாரிகள் சங்கத்தார் எல்லோருக்கும் தெரியும். தாம்பரத்தில் காருக்குப் பாட்டுச் செட்டு விற்கிற எவனும் அவர் பெயரைச் சொல்லாமல் வியாபாரம் பண்ணியதில்லை. நான் ஜி.எஸ்.டி. ரோட்டு நடைபாதையில் சீட் கவரும் கால்மிதியும் விற்று மேலே வந்தவன். கடை பிடித்த பிறகு பக்கத்திலேயே பாதி ஷட்டர் அளவுக்கு ஒரு இடம் காலியாக இருந்தது. அதை அவர் எடுத்தார். செட்டு நான் விற்பேன், சவுண்டு அவர் வைப்பார். அவர் என்னிடம் வேலை பார்த்தவர் இல்லை, கூட்டாளியும் இல்லை. ஆனாலும் என்னை "மொதலாளி" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசி வரைக்கும் நான் கணக்குப் போட்டு முடிக்கவில்லை.

அவர் முதலில் வந்தது சண்டை போட. அப்போது திருமுடிவாக்கத்தில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் செட்டு வாங்கி ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து நின்றார்.

"கடையில கேக்கசொல்லோ சூப்பரா கீது. ரோட்டுக்குப் போனா தகர டப்பா மாதிரி கத்துது. இன்னா பண்ணி வெச்சுக்கீற?"

ரோடு அப்படி, நான் என்ன செய்ய என்றேன். அவர் விடவில்லை. "நீ நிக்கிற வண்டிக்கு சவுண்டு வெக்கிற. நான் ஓட்ற வண்டி வாங்கினேன்."

உண்மையைச் சொன்னால் நாம் எல்லோரும் அன்று அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். வண்டி கடை வாசலில் நிற்கும். எஞ்சின் அணைந்திருக்கும். அதிர்கிற பாஸை ஏற்றி, கிரீச்சிடுகிற ட்ரெபிளையும் ஏற்றி, லவுட்னஸ் பொத்தானைத் தட்டிவிட்டால் வாடிக்கையாளர் மயங்கிவிடுவார், பணம் வந்துவிடும். அதே வண்டி வண்டலூர் தாண்டி வேகம் பிடித்தால் டயர் சத்தம் பாஸைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது ட்ரெபிள் மட்டும். அரை மணி நேரத்தில் தலைவலி. அதை யாரும் செட்டின் தலையில் போடமாட்டார்கள், வெயில் என்பார்கள். எத்திராஜ் அண்ணன் ஒருவர்தான் செட்டிங்கின் தலையில் போட்டார்.

பிறகு அவரே அந்த வேலையில் இறங்கினார். வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு இடது பக்க சீட்டில் தான் உட்காருவார். கதவுப் பையில் கிடக்கிற சில்லறை, தண்ணீர் பாட்டில், பெட்ரோல் ரசீது எல்லாவற்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். வழக்கமாக எந்த அளவில் ஏ.சி. போடுவார்களோ அதே அளவில் போடச் சொல்வார். எல்லா செட்டிங்கையும் நடுவுக்குக் கொண்டுவருவார். முடிச்சூர் ரோடு வழியாக வெளிவட்டச் சாலை ஏறும்வரை பாட்டே கிடையாது, ரேடியோவில் யாராவது பேசுவதைத்தான் வைப்பார். "பேச்சு புரியலன்னா பாட்டு எப்டி சார் புரியும்?" என்பார். பேச்சு தெளிந்த பிறகுதான் பாட்டு. பாஸை ஓடுகிற வேகத்தில் கொஞ்சம் ஏற்றுவார், ட்ரெபிளை இறக்குவார். பின் கதவுச் சத்தத்தைக் குறைத்து முன்னால் கொண்டுவருவார். கடைசியாக, இடது வலது ஸ்பீக்கர்களைச் சமன் செய்கிற பேலன்ஸை எடுத்து நடுவிலிருந்து இடது பக்கம் இரண்டு புள்ளி தள்ளுவார். "ஆச்சு சார், நல்லா இருக்கு" என்பார்.

அந்த இரண்டு புள்ளிதான் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. ஓட்டுபவருக்கு அதைத் தள்ளியதும் பாட்டு முன் கண்ணாடிக்கு நேராக வந்து நிற்கும். எந்தக் கதவிலிருந்து வருகிறது என்றே தெரியாது. கல்யாண சமையல் காண்டிராக்டர் ஒருவர், தெருவே அதிரவேண்டும் என்று பெரிய சப்ஊஃபர் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு அவரிடம் போனார். "தெருவுக்குக் கேக்கணும்னா ஆட்டோல மைக் கட்டுங்க சார். வண்டிக்குள்ள நீங்க கேக்க வாணாமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் வாயை அடைத்தார். அவரோடு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்த காண்டிராக்டர் அடுத்த மாதமே தன் தம்பி வண்டியையும் கொண்டுவந்து நிறுத்தினார்.

நான் இந்த இரண்டு புள்ளியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மனை வியாபாரம் செய்யும் தணிகாசலம் அண்ணனுக்கு ஒருமுறை கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தார்கள். புது வண்டி வந்துவிட்டது, காத்திருக்கப் பொறுமை இல்லை. எத்திராஜ் அண்ணனையே ஓட்டச் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட காலோடு இடது சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் இருந்தேன். வழக்கம்போலப் பேச்சு, பிறகு பாட்டு. கடைசியில் பேலன்ஸ். எத்திராஜ் அண்ணன் இரண்டு புள்ளியோடு நிற்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து என்று தள்ளிக்கொண்டே போனார்.

"இன்னாபா இது, பாட்டுக்காரன் என் மடியில குந்திகினு பாடறான்" என்றார் தணிகாசலம் அண்ணன்.

"நல்லா இருக்கு சார்" என்றார் எத்திராஜ் அண்ணன். பதில் வேறு எதற்கோ சொன்னது மாதிரி இருந்தது.

பின் சீட்டில் எனக்கு என்னவோ உறுத்தியது. வியாபாரிக்கு ஒரு பொருள் குறைந்தால் கண் தானாகத் தேடும். திரும்பி வந்து டீக்கடையில் நின்றோம். நான் வேண்டுமென்றே அவருக்கு இடது பக்கமாக நின்று, குரலை ஏற்றாமல், "அண்ணா, உன் சட்டையில டீ கொட்டுது" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுற்றிப் போய் வலது பக்கம் நின்று அதையே சொன்னேன். உடனே குனிந்து சட்டையைப் பார்த்தார். கறை எதுவும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கண்டுபுடிச்சிட்டியா மொதலாளி?"

இடது காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. பிரஸ் கம்பெனியில் அவர் நின்ற இடத்துக்கு இடது பக்கம்தான் பெரிய மெஷின். தகட்டை அடிக்க அடிக்க அந்தப் பக்கத்துக் காதும் சேர்ந்து அடிபட்டது. இடது சீட்டில் உட்காரும்போது பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் அவருக்கு மங்கலாகக் கேட்கும். அதனால்தான் பேலன்ஸை அந்தப் பக்கம் தள்ளுவார். தனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற இடத்தில் நிறுத்துவார். அன்று ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்ததால், நல்ல காதுக்குப் பக்கத்திலேயே வலது ஸ்பீக்கர். அது தாங்காமல்தான் அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறார்.

"அப்ப இத்தன வருஷமா ஊர்ல கீற வண்டிக்கெல்லாம் கோணலாவே வெச்சிருக்கேனா?" என்று கேட்டார். நான் டீக்கடை பெஞ்சில் இரண்டு கிளாஸை வைத்து விளக்கினேன். ஓட்டுபவன் வலது பக்கம் உட்காருகிறான், வலது ஸ்பீக்கர் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் தூரத்தில். அவனுக்கு இடது பக்கம் கொஞ்சம் ஏற்றித்தான் ஆகவேண்டும். அண்ணன் இடது சீட்டில் உட்கார்ந்து தனக்குச் சரி பண்ணிக்கொண்டது ஓட்டுபவனுக்கும் சரியாகவே அமைந்துவிட்டது.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கிளாஸை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"என் கோளாறு அவனுக்கு செட்டாயிச்சு. அவ்ளோதானே. இத வெளிய சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. சேலையூர் பக்கம் காது பரிசோதனை செய்யும் இடம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே இருந்து சத்தம் கொடுத்தாள். வெளியே வந்தபோது காது கிட்டத்தட்ட நன்றாகத்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருந்தது. வெற்றி பெற்ற மாதிரி என்னைப் பார்த்தார். படியிறங்கும்போது நானே கேட்டுவிட்டேன், எப்படி என்று. "அந்தப் பொண்ணு கை அசையும்போதெல்லாம் அமுக்கினேன்" என்றார். மறுபடி மேலே இழுத்துப் போனேன். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். இந்த முறை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இடது காதின் முறை வந்தபோது பொத்தானை அமுக்கவே இல்லை.

காதில் மாட்டும் மெஷின் வாங்கினார். வீட்டில் ஒரு வாரம் மாட்டினார். கடைக்கு வரும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரம்தான் நம் சங்கக் கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் காது கேளாமல் வேறு சீட்டில் போய் உட்கார்ந்ததற்கு எல்லோரும் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எத்திராஜ் அண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சிரித்தார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணாடி போட்ட டிரைவர் கிட்ட வண்டி குடுக்கறான். காதுல மெஷின் மாட்டிகினு நான் போய் நின்னா சவுண்டு வெக்கக் குடுப்பானா? நீ வியாபாரி, பொய் சொல்லாம சொல்லு."

குடுக்கமாட்டான் என்றேன். உண்மையைச் சொல் என்று அவர் என்னிடம் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் சொன்னது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. என் வாயில் கசப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அதன் பிறகு அவர் வாழ்ந்தது முழுக்க சமாளிப்பு. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வலது பக்கம் ஆளை நிறுத்திக்கொள்வார். முடியாத இடத்தில் ஒரே பதில்: "நல்லா இருக்கு சார்." ஒருத்தர் இடது பக்கமிருந்து, புது வண்டியை மச்சான் வாங்கிப் போய் கேட்டில் இடித்துவிட்டான் என்று புலம்பினார். "நல்லா இருக்கு சார்" என்றார் எத்திராஜ் அண்ணன். அந்த மனுஷர் ஒரு நொடி திகைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், என்ன நக்கல்யா உனக்கு என்று. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். நக்கல்காரர் என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் நெஞ்சை என்னவோ செய்கிறது என்று அனகாபுத்தூரில் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அண்ணி வெளியே டோக்கனுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் மாஸ்க் போட்டிருக்கிறார், வாயைப் பார்க்க வழியில்லை. டாக்டர் உட்கார்ந்திருந்ததும் அண்ணனுக்கு இடது பக்கம். வலி கைக்குப் பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா, முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று எல்லா டாக்டரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டிருப்பார். அண்ணி உள்ளே நுழைந்தபோது கேஸ் மாத்திரை எழுதி முடித்தாகிவிட்டது. தெருவில் நடக்கும்போது அண்ணி, டாக்டர் என்ன கேட்டார் என்று கேட்டிருக்கிறார்.

"என்னமோ கேட்டாரு. நல்லா இருக்கு சார்னேன்."

இரண்டு நாள் கழித்து, காலை டிபனுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டாக்டர் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நல்லா இருக்கிறது என்று சொல்கிறவனை யார் படுக்கவைப்பார்கள்? சரியான பதில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்லவும் எனக்குப் படிப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். அவ்வளவுதான் என் வழக்கு.

பிறகு நாம் அஞ்சலிக் கூட்டம் போட்டோம். பேனரில் 'பொற்செவி எத்திராஜ்' என்று அடித்திருந்தோம். மைக் வீல் என்று கத்தியது. கார் சவுண்டு விற்கிற இத்தனை பேர் கூடின இடத்தில் அதைச் சரிபண்ண ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. அவருடைய காது ஆண்டவன் கொடுத்த வரம் என்று ஒருவர் பேசினார். இடது பக்கம் இரண்டு புள்ளி என்பது யாருக்கும் புரியாத ரகசியம், அது அவரோடு போய்விட்டது என்று இன்னொருவர் பேசினார். தணிகாசலம் அண்ணன் அழுதே விட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் யார் மேல் கத்துவது? வரம் என்று சொன்னவர் மேலா? மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த மனுஷன் மேலா? பெயர்தான் பெரிது என்று இருந்துவிட்டார். அந்தப் பெயரைக் கொடுத்ததும் நாம்தான், காதில் மெஷினைப் பார்த்திருந்தால் அதே பெயரைப் பிடுங்கியிருப்பதும் நாம்தான். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் அவர் மேல் கோபப்படவும் முழுதாக முடியவில்லை.

வெளிய சொல்லாத என்றார். இதுவரை சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு முன் அனகாபுத்தூர் போய் அண்ணியிடம் கேட்டேன். அந்தக் குறுகல் சந்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டில் கேட்கும். அண்ணி சொன்னார்:

"எழுதுப்பா. அவருக்குக் கேக்கணும்னு நான் கத்திக் கத்திப் பேசுவேன். தினமும் இவங்க வூட்ல சண்டைன்னு அக்கம்பக்கத்துல நெனச்சிகினு கீறாங்க. புருஷன வாட்டி எடுத்தவன்னு எனக்குப் பேரு. சாவுக்கு வந்தவ ஒருத்தி, இனிமேலாச்சும் நிம்மதியா இருப்பாருன்னு என் காதுபடவே சொல்லிட்டுப் போறா. நாங்க ஒரு நாள் சண்ட போட்டதில்லப்பா. அத எழுது."

எழுதிவிட்டேன் அண்ணி. எத்திராஜ் அண்ணன் வீட்டில் சண்டை இல்லை. அவருக்கு இடது காது கேட்காது. அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலையில் பாதியை நீங்கள் கட்டினீர்கள்.

என்னிடம் அவருடையது என்று மிஞ்சியது என்ன என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பாதி ஷட்டரில் வேறு யாரோ பேட்டரி கடை வைக்கப்போகிறார்கள். என் சொந்த வண்டியில் அவர் வைத்த செட்டிங் இருக்கிறது, அதை மாற்றமாட்டேன். மிச்சம் இருப்பது, அந்த வங்கி அதிகாரியின் வண்டியை முடிக்கும்போது நானே கற்றுக்கொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவரை வரச்சொன்னேன். அவர் ஓட்டினார். நான் இடது சீட்டில் ஏறினேன். சில்லறையையும் பாட்டிலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெளிவட்டச் சாலை வரும்வரை பேச்சு, பிறகு பாட்டு. கடைசியில் இடது காதை விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும்வரை பேலன்ஸைத் தள்ளினேன். விரலை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இரண்டு புள்ளியில் நின்றிருந்தது. காதை அடைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் வங்கி அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். என்னவென்று புரியாமலே நான் தலையை ஆட்டியிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பி வண்டி நின்றதும், எப்படி இருக்கிறது சார் என்று கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார்.

முன்பெல்லாம் அந்த வார்த்தையோடு என் வேலை முடிந்துவிடும். நான் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்று, அவர் காதில் விழும்படி மறுபடியும் கேட்டேன்.